ஏழு ஆண்டு இணைய விளம்பரம்: அதன் சொற்களோடு ஒரு ஜமக்காளக் கடையின் அனுபவம்

பவானியில் எங்கள் குடும்பம் ஜமக்காளக் கடை நடத்துகிறது. சுற்றுவட்டார நெசவாளர்களிடம் வாங்கிக் கடையிலும், 2018 முதல் சொந்த இணையதளம் வழியாகவும் விற்கிறோம். கூகுளின் விளம்பரச் சேவை தமிழ் மொழியை ஏற்றுக்கொண்டதும், ஆட்வேர்ட்ஸ் என்ற அதன் பெயர் கூகுள் ஆட்ஸ் என்று மாறியதும் அதே ஆண்டில்தான். அன்றிலிருந்து தேடல் விளம்பரம், முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப் என்று விட்டுவிட்டுச் செலவழித்து வருகிறேன். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அங்கே புழங்கும் சொற்கள் பிடிபடத்தான் ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு சொல்லும் எதையோ எண்ணுகிறது. எது நடந்தால் அது 'ஒன்று' என்று எண்ணப்படுகிறது என்பதைக் கேட்காமல் நான் செலவழித்த பணத்தில் பெரும்பகுதி வீணாயிற்று. புதிதாக விளம்பரம் செய்யத் தொடங்கும் சிறு வணிகர்களுக்கு அந்தச் செலவு மிச்சமாக வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் விளம்பரப் பொறுப்பை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். மாதக் கடைசியில் அவர்கள் அனுப்பும் அறிக்கையின் முதல் பக்கத்தில், மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய எழுத்தில், 'இம்ப்ரெஷன்' என்ற சொல்லும் லட்சத்தைத் தாண்டிய ஓர் எண்ணும் இருக்கும். அப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல எத்தன பேரு கடைக்குள்ள வந்தாங்க கண்ணு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நிறுவனத்தாரிடம் கேட்டபோது, பிராண்ட் பெயர் மக்கள் மனத்தில் பதிகிறது என்றார்கள்.

இம்ப்ரெஷன் என்பது விளம்பரம் ஒருமுறை ஒரு திரைக்கு அனுப்பப்பட்டதைக் குறிக்கிறது. ஒரே ஆளுக்குப் பத்து முறை போனால் பத்து இம்ப்ரெஷன். எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு 'ரீச்' என்று தனிச் சொல் உண்டு. இம்ப்ரெஷனை ரீச்சால் வகுத்தால் ஒருவருக்குச் சராசரியாக எத்தனை முறை என்ற 'ஃபிரீக்வென்சி' கிடைக்கும். பக்கத்தின் அடியில், யாரும் உருட்டிப் போகாத இடத்தில் இருக்கும் விளம்பரமும் இம்ப்ரெஷன் கணக்கில் சேரக்கூடும் என்பதால், 'வியூவபிள் இம்ப்ரெஷன்' என்றொரு சொல்லும் வந்தது. படவிளம்பரத்தின் பரப்பில் பாதியாவது ஒரு நொடியாவது திரையில் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதற்கான தொழில் வரையறை; காணொளி என்றால் இரண்டு நொடி. ஒரு நொடியில் பாதிப் படம் என்பதுதான் 'பார்க்கப்பட்டது' என்பதன் பொருள் என்று தெரிந்த நாளில் அந்த லட்சக்கணக்கை நான் வேறு விதமாகப் படித்தேன்.

காணொளியில் 'வியூ' என்ற சொல்லும் இப்படித்தான். யூடியூபில் தாண்டிச் செல்லக்கூடிய விளம்பரத்தை முப்பது நொடி வரை, அல்லது அதைவிடச் சிறியதாக இருந்தால் முழுவதும், பார்த்தாலோ அதன் மீது சொடுக்கினாலோதான் வியூ. முகநூலில் நெடுங்காலம் மூன்று நொடிக்கே ஒரு வியூ எண்ணப்பட்டது. இரண்டு எண்களையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி ஒப்பிடுவது, முழத்தையும் கஜத்தையும் ஒரே அளவாக வைத்துத் துணி விற்பதற்குச் சமம்.

அடுத்து, பணம் கணக்கிடப்படும் சொற்கள். ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு இவ்வளவு என்றால் சி.பி.எம், அதிலுள்ள 'எம்' ஆயிரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு சொடுக்குக்கு இவ்வளவு என்றால் சி.பி.சி. இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்களில் ஒன்று 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்துக்காக வெளிவந்தபோது, பத்திரிகையில் இடம் வாங்குவது போலத்தான் இடத்துக்குக் காசு. சொடுக்குக்கு ஏலம் விடும் முறையை 1998-இல் கோடூ.காம் என்ற தேடல் தளம் கொண்டுவந்தது. 2000-இல் தொடங்கிய ஆட்வேர்ட்ஸ் முதலில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் வாங்கியது; சொடுக்குக்கான ஏலத்துக்கு 2002-இல் மாறியது. சொல் மாறும்போது நட்டம் யார் தலையில் விழும் என்பதும் மாறுகிறது. சி.பி.எம்மில் யாருமே சொடுக்காவிட்டாலும் விளம்பரம் செய்தவர்தான் பணம் தர வேண்டும், சி.பி.சியில் அந்தச் சுமையை விளம்பர இடத்தை விற்பவர் ஏற்கிறார். சொடுக்கியவர் வாங்காமல் போனால் அது மறுபடி நம் தலையில்தான். எங்களைப் போல ஒரே பொருளை விற்கும் கடைக்கு, தேடல் விளம்பரத்தில் சி.பி.சிதான் தாங்கக்கூடியதாக இருந்தது.

இந்த ஏழு ஆண்டுகளில் எனக்கு அதிகம் கற்றுத் தந்தவை 'கீவேர்டு', 'சர்ச் டெர்ம்' என்ற இரண்டு சொற்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். கீவேர்டு என்பது நான் விலைக்குக் கேட்கும் சொல்; சர்ச் டெர்ம் என்பது வாடிக்கையாளர் தம் கைப்பேசியில் உண்மையாகவே தட்டிய சொல். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியை அனுமதிக்கிறோம் என்பதை 'மேட்ச் டைப்' தீர்மானிக்கிறது. பிராட் மேட்ச் என்றால் தொடர்புள்ளதாகக் கருதப்படும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் போகும். ஃபிரேஸ் மேட்ச் என்றால் அந்தத் தொடரின் பொருள் தேடலுக்குள் இருக்க வேண்டும். எக்ஸாக்ட் மேட்ச் இன்னும் இறுக்கமானது. நான் எதையும் தேர்வு செய்யாமல் விட்டதால், எல்லாம் பிராட் மேட்சாகவே ஓடின.

நிறுவனத்திடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டு சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் சென்னையிலிருந்து ஓர் அம்மா கைப்பேசியில் அழைத்தார். "சார், ஹால்ல ஒரு பெரிய கார்பெட் இருக்கு. வீட்டுக்கே வந்து வாஷ் பண்ணிக் குடுப்பீங்களா? சோபாவும் சேர்த்துன்னா எவ்வளவு?" நாங்கள் ஜமக்காளம் விற்பவர்கள் என்று சொன்னதும், "அப்புறம் ஏங்க உங்க நம்பர் வருது?" என்று கேட்டுவிட்டு வைத்தார். அன்றிரவு சர்ச் டெர்ம் அறிக்கையை முதன்முறையாகத் திறந்து வரிவரியாகப் படித்தேன். கார்பெட் துவைக்கும் கடை, காருக்குள் போடும் கால்மிதி, பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் நடை திறக்கும் நேரம், ஈரோட்டிலிருந்து பவானிக்குப் பேருந்து, கல்யாணத்துக்கு ஜமக்காளம் வாடகை என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வரியின் எதிரிலும் எத்தனை சொடுக்கு, எவ்வளவு ரூபாய் என்று இருந்தது. கார்பெட், பவானி ஆகிய இரண்டு சொற்களையும் தனித்தனியாகக் கீவேர்டாகப் போட்டவன் நான்தான்.

அதற்கான மருந்து 'நெகடிவ் கீவேர்டு': இந்தச் சொல் வந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்லும் பட்டியல். கிளீனிங், வாஷ், வாடகை, கோயில், அம்மன், பஸ், டைமிங் என்று அன்றிரவே நாற்பதுக்கு மேல் சேர்த்தேன். இந்தத் துறையின் சொற்களில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். வாங்க வராதவர்களை வாசலிலேயே அன்போடு திருப்பி அனுப்பும் வேலையை இது செய்கிறது.

மேட்ச் டைப்புகளின் பெயர்கள் அப்படியே இருக்க, அவற்றின் பொருள் மட்டும் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எக்ஸாக்ட் மேட்ச் என்பது சொல்லுக்குச் சொல் பொருந்துவதாக ஒருகாலத்தில் இருந்தது. 2014 முதல் எழுத்துப்பிழை, ஒருமை பன்மை வேறுபாடு ஆகியவற்றை விலக்க முடியாமல் போயிற்று. 2018-இல் அதே பொருள் தரும் வேறு சொற்களும் உள்ளே வந்தன. இதனால் எனக்கு நன்மையும் உண்டு. ஜமக்காளம் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதுபவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அத்தனை வடிவங்களையும் நான் பட்டியலிட வேண்டியதில்லை. ஆனால் 2020 செப்டம்பருக்குப் பிறகு, போதுமான அளவு பேர் தேடாத சொற்கள் தனியுரிமை காரணமாக அறிக்கையில் காட்டப்படுவதில்லை. அபூர்வமான பொருளை விற்பவர்களுக்கு வரும் தேடல்களில் பெரும்பகுதி அத்தகையவைதான் என்பதால், பெரிய கடைகளைவிட எங்களுக்கே இந்த இருட்டு அதிகம் என்பது என் கருத்து.

இடம் சார்ந்த அமைப்பிலும் ஒரு சொல்லைக் கவனியுங்கள். ஓர் ஊரைக் குறிவைத்தால், அங்கே 'இருப்பவர்கள்' மட்டுமா, அந்த ஊரில் 'ஆர்வம் காட்டுபவர்களும்' உண்டா என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. நாமாக மாற்றாவிட்டால் ஆர்வம் காட்டுபவர்களும் சேர்த்திதான். கடைக்கு நேரில் வரச் சொல்லும் விளம்பரத்தை அப்படி ஓடவிட்டால், பவானியில் உள்ள கூடுதுறைக்கும் சங்கமேஸ்வரர் கோயிலுக்கும் என்றைக்காவது வர எண்ணித் தொலைவில் உட்கார்ந்து தேடுபவர்களுக்கும் அது போகும்.

ஏலத்தைப் பற்றிப் பலருக்கும் உள்ள எண்ணம், அதிகம் கேட்டவருக்கே மேலிடம் என்பது. 'குவாலிட்டி ஸ்கோர்' என்ற சொல் அதைத் திருத்துகிறது. எதிர்பார்க்கப்படும் சொடுக்கு விகிதம், விளம்பரத்துக்கும் தேடலுக்கும் உள்ள பொருத்தம், சொடுக்கியபின் திறக்கும் 'லேண்டிங் பேஜ்' தரும் அனுபவம் ஆகிய மூன்றையும் வைத்து 1 முதல் 10 வரை மதிப்பெண் காட்டுவார்கள். உண்மையான ஏலக் கணக்கில் இன்னும் பல சேரும் என்றாலும், புரிந்துகொள்வதற்கு எளிமையாக்கிச் சொல்கிறேன். நான் 4 ரூபாய் கேட்டு என் தரம் 8 என்றால், இரண்டையும் பெருக்க 32. பக்கத்துக் கடைக்காரர் 6 ரூபாய் கேட்டு அவர் தரம் 5 என்றால் 30. மேலிடம் எனக்கு. நான் கொடுப்பதும் முழு 4 ரூபாய் அன்று. அவரைத் தாண்டத் தேவையான, ஏறத்தாழ 3 ரூபாய் 75 காசுதான். எங்கள் தளத்தில் விலை, நீள அகலம், எடை மூன்றையும் படத்துக்கு நேர் கீழே வைத்த பிறகு சொடுக்குக்கான செலவு குறைந்ததை நானே பார்த்தேன். முன்பெல்லாம் விலைக்காக வாடிக்கையாளர் பக்கத்தின் அடிவரை உருட்ட வேண்டியிருந்தது.

தளத்துக்கு வந்த வேகத்தில் திரும்பிப் போனவர்களின் விகிதமான 'பவுன்ஸ் ரேட்' பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பேன். தளத்துக்கு வருவோரைக் கணக்கிடும் கூகுளின் பழைய அனலிட்டிக்ஸ் சேவை 2023 ஜூலையில் நின்று புதியது மட்டும் ஆனபோது அதன் வரையறையே வேறாகிவிட்டது. பத்து நொடிக்கு மேல் ஒருவர் தங்கினாலே இப்போது அது பவுன்ஸ் இல்லை. பழைய ஆண்டின் எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

'கன்வெர்ஷன்' என்பதுதான் வணிகருக்கு மிக நெருக்கமான சொல். ஆகவே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. கன்வெர்ஷன் என்றால் விற்பனை என்று நினைத்திருந்தேன். நாம் எந்தச் செயலைச் சுட்டிக்காட்டினோமோ அது நடந்தால் கன்வெர்ஷன், அவ்வளவுதான். ஆர்டர் முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்தில் அதை எண்ணும் சிறு நிரல் குறியை வைத்திருந்தோம். ஒரு தீபாவளி மாதத்தில் அறிக்கை காட்டிய எண்ணுக்கும் நாங்கள் கட்டிய பார்சலுக்கும் பெரிய வேறுபாடு. எங்கள் உறவினர் ஒருவரே தம் ஆர்டரைக் காட்டும்போதுதான் காரணம் விளங்கியது. அவர் அந்த நன்றிப் பக்கத்தை மூடாமல் வைத்திருந்து, ஒவ்வொருவருக்கும் காட்ட அதையே மறுபடி மறுபடி திறந்தார். திறந்தபோதெல்லாம் ஒரு கன்வெர்ஷன் கூடியது. ஒவ்வொரு ஆர்டரின் எண்ணையும் குறியோடு சேர்த்து அனுப்பினால் இரட்டிப்பு நீங்கும் என்பதை அதன்பிறகே அறிந்தேன்.

இதைவிடப் பெரிய ஓட்டை கேஷ் ஆன் டெலிவரி. ஆர்டர் வந்த நொடியிலேயே கன்வெர்ஷன் எண்ணப்பட்டுவிடுகிறது. வாங்குபவர் வீட்டில் இல்லை என்றோ, மனம் மாறிவிட்டது என்றோ பார்சல் திரும்பி வந்தால் அது எந்த அறிக்கையிலும் தானாகக் கழிக்கப்படுவதில்லை. கூரியர்காரர்கள் இதை ஆர்.டி.ஓ (ரிட்டர்ன் டு ஆரிஜின்) என்கிறார்கள். ஜமக்காளம் கனமானது, போகவும் வரவும் கூலி நம்முடையது.

இவை எல்லாம் வந்து சேருமிடம் 'ரோஆஸ்', அதாவது விளம்பரத்துக்குச் செலவழித்த ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை என்ற கணக்கு. 1,000 ரூபாய் செலவில் 4,000 ரூபாய்க்கு விற்றால் ரோஆஸ் 4. கேட்க இனிமையாக இருக்கிறது. அந்த 4,000-இல் சரக்கின் அடக்கவிலை 2,600, கூரியர் 500 என்று வையுங்கள், மிஞ்சுவது 900. விளம்பரத்துக்கு 1,000 போயிற்று. நாலு மடங்கு என்று சொல்லிக்கொண்டே நூறு ரூபாய் நட்டம். எங்களுக்கு ரோஆஸ் நாலரையை எட்டினால்தான் கை கடிக்காது. வேறொருவருக்கு அது இரண்டாக இருக்கலாம். முன்பணம் கட்டி விளம்பரம் செய்பவர்கள், கட்டும் தொகையிலிருந்து 18 விழுக்காடு ஜி.எஸ்.டி கழிந்த பிறகுதான் மீதி விளம்பரத்துக்குப் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக 'அட்ரிபியூஷன்': ஒரு விற்பனைக்கான பெருமை எந்த விளம்பரத்துக்குச் சேரும் என்ற பங்கீடு. ஒருவர் இன்ஸ்டாகிராமில் எங்கள் ஜமக்காளத்தைச் சொடுக்கிப் பார்த்துவிட்டு, மூன்று நாள் கழித்துக் கூகுளில் தேடி விளம்பரத்தைச் சொடுக்கி வாங்கினால், இரு தரப்பும் அந்த ஒரே விற்பனையைத் தத்தம் அறிக்கையில் காட்டும். முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் வழக்கமான அமைப்பில் சொடுக்கிய ஏழு நாளுக்குள்ளோ, வெறுமனே பார்த்த ஒரு நாளுக்குள்ளோ வாங்கினால் அது அவர்கள் கணக்கு. பொய் யாரும் சொல்வதில்லை. இரண்டு கணக்கையும் நாம் கூட்டக் கூடாது, அவ்வளவே.

இப்போது கடையில் அப்பாவின் பழைய நீளக் கணக்குப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போட்டிருக்கிறோம்: தளத்தில் வந்த ஆர்டர், கையில் வந்து சேர்ந்த பணம், திரும்பி வந்த பார்சல். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை சாத்தியபின் விளம்பர அறிக்கையைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு நான் எண்களை வாசிக்க, அப்பா நடுப்பத்தியை மட்டும் தனியாகக் கூட்டுகிறார். சர்ச் டெர்ம் பட்டியலைப் படிப்பதும் அப்போதுதான். போன சனிக்கிழமை அதில் யோகா பாய் என்று புதிதாக ஒன்று வந்திருந்தது. நெகடிவ் பட்டியலில் சேர்க்கப் போனவனை அப்பா நிறுத்தி, அந்த அளவில் இரண்டு நெய்து தரச் சொல்லிப் பார்க்கலாம் என்றார்.