ஒன்றுக்கு எவ்வளவு? குறுக்குப் பெருக்கலும் அலகு முறையும்

போன தவணைச் சோதனைக்கு முன் இரண்டு கிழமை மகளுக்கு நானே விகிதசமன் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. பத்தாம் தரம். வகுப்பில் அவளுக்குப் பழக்கியிருந்தது குறுக்குப் பெருக்கல். நான் படித்தது அலகு முறை: முதலில் ஒன்றுக்கு எவ்வளவு என்று கண்டுபிடி, பிறகு பெருக்கு. இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு நான் பழைய பக்கமே சாய்ந்துவிட்டேன். அதை மறைக்கப் போவதில்லை.

எளிய கணக்கில் வித்தியாசமே தெரியாது. மூன்று கிலோ சூரை 2,700 ரூபாய் என்றால் ஐந்து கிலோ எவ்வளவு? 3/2,700 = 5/x என்று எழுதிக் குறுக்கே பெருக்கினால் 3x = 13,500, விடை 4,500. அலகு முறையில் கிலோ 900, ஐந்துக்கு 4,500. திருகோணமலைச் சந்தையில் மீன் வாங்கும் யாரும் இரண்டாவது வழியில்தான் யோசிப்பார்கள். சரி, இதை விடுவோம்.

என்னை முடிவெடுக்க வைத்தது வலைக் கணக்கு. கிழிந்த ஒரு கரைவலையைப் பொத்தி முடிக்க ஆறு பேருக்குப் பத்து நாள் என்றால், நான்கு பேருக்கு எத்தனை நாள்? மகள் யோசிக்கவே இல்லை. 6/10 = 4/x என்று எழுதி, 40-ஐ 6-ஆல் வகுத்து, ஆறரை நாளுக்குக் கொஞ்சம் மேல் என்று விடைக்கு அடிக்கோடும் போட்டுவிட்டாள்.

"ஆள் குறைஞ்சா வேலை கெதியா முடியுமா, மகள்?"

கொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பெருக்கினது சரிதானே அப்பா?"

பெருக்கினது சரிதான். அங்கேதான் வில்லங்கம். நான்கு எண்களைப் பின்னமாக அடுக்கியதும் எது ஆள், எது நாள் என்பது கழன்றுபோய்விடுகிறது. பிறகு பென்சில் தன்பாட்டில் ஓடும். ஒன்று கூட மற்றதும் கூடும் நேர்விகிதமா, ஒன்று கூட மற்றது குறையும் நேர்மாறு விகிதமா என்று அது நின்று கேட்பதில்லை.

அலகு முறையில் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக வழியில்லை. ஒரே ஆள் இருந்து பொத்தினால் எத்தனை நாள்? 60 என்று சொல்லும்போதே, ஆள் குறையக் குறைய நாள் கூடும் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதை நான்கு பேர் பங்குபோட்டால் 15. மீன் கணக்கிலும் அப்படித்தான்: 900 என்பது வெறும் எண்ணல்ல, 'கிலோவுக்கு ரூபாய்' என்ற பெயரோடு வருகிறது. தலைகீழாக வகுத்துவிட்டால் 'ரூபாய்க்கு எத்தனை கிலோ' என்று வேறு பெயர் வரும், பிழை அங்கேயே பிடிபடும். பெயர் இருப்பதால் விடுமுறை முடிந்து வந்தாலும் மறப்பதில்லை. குறுக்குக் கோடுகளை மகள் ஒரே மாதத்தில் மறந்திருந்தாள்.

இன்னொன்று, அட்சரகணிதத்துக்குப் போகும்போது அந்த 900 கூடவே வருகிறது. y = 900x என்று எழுதி வரைபு கீறினால் கோட்டின் படித்திறன், அதாவது சாய்வு, அதுதான். வலைக் கணக்கில் வந்த 60-ஓ, xy = 60 என்ற சமன்பாடாகிறது. குறுக்குப் பெருக்கலில் விடை வந்ததும் கதை முடிந்துவிடும்.

அதற்காகக் குறுக்குப் பெருக்கலைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஆரியபட்டர் எழுதிவைத்த மூவிராசிக்கு, அதாவது தெரிந்த மூன்று எண்களிலிருந்து நான்காவதைக் காணும் விதிக்கு, அது கிட்டத்துச் சொந்தம். ஏழு தேங்காய் 1,000 ரூபாய் என்றால் அலகு முறையில் ஒன்றின் விலை 142.857 என்று நீளும். பாதியில் வெட்டினால் பன்னிரண்டு தேங்காயின் விலை சில சதம் பிசகும். குறுக்கே பெருக்கினால் வகுப்பது கடைசியில்தான், அந்தப் பிசகு வராது. அலகு முறையிலும் 1000/7 என்றே வைத்துக் கடைசியில் வகுத்தால் பிசகாது, ஆனால் பிள்ளைகள் கணிகருவியைக் கண்டதும் வகுத்துவிடுகிறார்கள். வரைபட அளவிடையிலும் குறுக்குப் பெருக்கல் சுகம். 1:50,000 படத்தில், 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் எட்டு மில்லிமீற்றரை ஒட்டி வரும்.

ஆட்டோக் கட்டணத்தில் இரண்டு முறையும் கவிழும். முதல் கிலோமீற்றர் 100, பிறகு ஒவ்வொன்றும் 80 என்று வைத்துக்கொண்டால் ஐந்துக்கு 420, பத்துக்கு 820. தூரம் இரட்டித்தும் காசு இரட்டிக்கவில்லை. இது விகிதசமனே இல்லை, ஆனால் கொடுத்துப் பாருங்கள், பிள்ளைகள் பலர் 840 என்பார்கள். என் மகளும் அப்படித்தான் சொன்னாள், அதுவும் அலகு முறையில்.

நான் பார்த்தது என் மகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் மட்டும். அந்த இருவரில் ஒருவன் குறுக்கே பெருக்கியே எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறான், ஆனால் எழுதுமுன் 'ஆள் கூடினா நாள் குறையும்' என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறான். அவனை நான் மாற்றப் போகவில்லை.