ஹீரோ 4டி பிளஸ் 10டபிள்யூ-30: ஐந்து குப்பிகளில் பார்த்தது

மருந்து ரெப் வேலை எனக்கு. திருச்சியிலிருந்து ஒருநாள் துறையூர், மறுநாள் மணப்பாறை, அடுத்து முசிறி என்று என் ஸ்ப்ளெண்டர் தினமும் 90, 100 கிலோமீட்டர் ஓடும். சர்வீஸுக்கு விட்டால் மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து, "கறுத்துப் போச்சு சார், மாத்திடலாம்" என்பார். நானும் தலையாட்டுவேன். இந்தத் தடவை ஹீரோ 4டி பிளஸ் இன்ஜின் ஆயில் 900 மில்லி டப்பாவை வாங்கி ஊற்றியதும், அந்தக் கறுப்பு என்னதான் சொல்கிறது என்று பார்த்துவிட முடிவு செய்தேன்.

தொழில் புத்தி போகுமா? சிரிஞ்சில் ட்ரிப் டியூபை மாட்டி, ஆயில் ஊற்றும் ஓட்டை வழியாக 500, 1,500, 2,500, 3,000 கிலோமீட்டரில் ஐந்தைந்து மில்லி உறிஞ்சி, காலி ஊசிமருந்துக் குப்பிகளில் அடைத்தேன். புது ஆயிலுக்கு ஒரு குப்பி. ஐந்தும் ஜன்னல் திண்டில் வரிசையாக நிற்கின்றன.

1,500-லேயே நன்றாகக் கறுத்துவிட்டது. வண்டியோ புதுசு மாதிரி ஓடியது. கரியையும் அழுக்கையும் எங்கும் படியவிடாமல் தன்னோடு மிதக்க வைக்கும் சரக்கு ஆயிலில் கலந்திருக்கிறது. கறுப்பு என்பது அது வேலை பார்க்கும் அடையாளம். என் ஸ்ப்ளெண்டரில் காகித ஃபில்டரும் கிடையாது, ஒரு கம்பி வலையும் சுழற்றி அழுக்கை ஒதுக்கும் கிண்ணமும்தான். நுண்ணிய கரி ஆயிலிலேயே கிடக்கும். கறுக்காத ஆயிலைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

விஷயம் குப்பிகளைக் கவிழ்த்தபோது தெரிந்தது. புது ஆயிலில் காற்றுக்குமிழி சோம்பலாக மேலே ஏறியது. 2,500 குப்பியில் சரசரவென்று ஏறிவிட்டது. ஆயில் நீர்த்திருக்கிறது! 10டபிள்யூ-30 என்றால் குளிரில் இளகி ஓட வேண்டும், சூட்டிலும் 30-க்கு உரிய கெட்டி குறையக் கூடாது. இதற்காக நீள நீளமான பாலிமர் சங்கிலிகளைச் சேர்க்கிறார்கள். காரில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். நம் பைக்கில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. கியர் பற்களுக்கு நடுவே சிக்கி அந்தச் சங்கிலிகள் அறுபடும். காலையில் சோக் போட்டு ஸ்டார்ட் செய்கையில் எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கீழே இறங்கிக் கலக்கும்.

இதை முதலில் சொன்னது என் இடது கால். 2,400 தாண்டியதும் சிக்னலில் நியூட்ரல் விழாமல் அடம்பிடித்தது, கியர் 'டக்'கென்று விழுந்தது. அதுவரை இந்த ஆயிலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் துறையூர் ரோட்டில் நிறுத்தாமல் ஓட்டியும் கிளட்ச் வழுக்கவில்லை. அளவு கொஞ்சம் இறங்கியது. அதில் என் சிரிஞ்சின் பங்கும் உண்டு.

ஓட்டாமல் வைத்திருந்தால் ஆயில் அப்படியே இருக்கும் என்று நினைப்பவர்கள் என் மாமனார் வண்டியைப் பார்க்க வேண்டும். அதே மாடல், ஒன்றரை வருஷத்தில் 800 கிலோமீட்டர். ரேஷன் கடை, கோயில், வீடு. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் திரிந்த மாதிரி வெளிர் மஞ்சள் பசை. இன்ஜின் நன்றாகச் சூடேறினால்தான் உள்ளே வேர்க்கும் தண்ணீர் ஆவியாகும். இரண்டு தெரு ஓட்டத்துக்கு அது எங்கே சூடேற? எரிந்த புகை அந்த ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அதை முறிக்க ஆயிலில் ஆன்டாசிட் மாதிரி ஒரு மருந்து உண்டு. அதுவும் தீர்ந்துபோகும் சரக்குதான்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஸ்ப்ளெண்டருக்கு என்றால் 900 மில்லி டப்பாவே கேளுங்கள். ஒரு லிட்டர் டப்பாவை அளவுக்கு மேல் போனாலும் முழுசாகக் கவிழ்த்துவிடும் கடைகள் இருக்கின்றன. ஊற்றியபின் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா நுழைத்து அளவு பாருங்கள்.

என்னைப்போல் நாளெல்லாம் ஓட்டுகிறவர்களுக்கு ஐந்துக்கு நாலு தருவேன். 2,500-ல் மாற்றிவிடுகிறேன். மாமனாருக்கும் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். "எண்ணூறு கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு மாப்ள" என்று பரணில் ஏற்றி வைத்திருக்கிறார்.