சோலார் மின்வேலி செட்: ஓடைக்கு நல்லது, எர்த்தில் கஞ்சத்தனம்

இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். செட்டில் வந்தவை கயிற்றில் மின் துடிப்பு விடும் பெட்டி (துடிப்பின் பலம் 1 ஜூல்), 12 வோல்ட் பேட்டரி, உலோக இழை கலந்த பிளாஸ்டிக் கயிறு, காலால் மிதித்து ஊன்றும் குச்சிகள், எர்த் போட ஒரே ஒரு கம்பி. ஆள் கூலி மிச்சம் என்றுதான் விளம்பரம் போடுகிறார்கள். நான் வாங்கியது ஓடைக்காக.

மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே ஓடை போகிறது. வெயில் ஏறினால் மாடுகள் அதில்தான் போய் நிற்கும், குடிப்பதும் அங்கே, சாணம் போடுவதும் அங்கே. குளம்பு பட்டுப் பட்டுக் கரை சரிந்து, ஓடை அகலமாகி ஆழம் குறைந்து, கீழே இருப்பவர்களுக்குக் கலங்கல்தான் போய்க்கொண்டிருந்தது. இரு கரையிலும் பத்து மீட்டர் தள்ளிக் கயிறு கட்டினேன். வளர்ந்த மாடு வெயில் நாளில் 50 லிட்டருக்கு மேல் குடிக்கும், அதனால் முதலில் மேட்டில் மிதவை வால்வோடு தொட்டி, அப்புறம்தான் வேலி. இந்த வரிசையை மாற்றிவிட்டு மாடு வேலியை உடைக்கிறது என்று திட்டக் கூடாது.

பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக் கரண்டைக் கம்பியில் நேரடியாக விடுவது உயிரைக் குடிக்கும் வேலை, அதை யாரும் செய்யாதீர்கள். இந்தப் பெட்டி நொடிக்கு ஒரு தடவை, இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, ஒரு துடிப்பு மட்டும் அனுப்பும். மாட்டுக்குச் சுளீர் என்று இருக்கும், அவ்வளவுதான். நான்கு நாள் பட்டிக்குள்ளேயே கயிறு கட்டிப் பழக்கினேன்.

குறை கோடையில் தெரிந்தது. மாடுகள் வேலியைத் தாண்டி ஹாயாக ஓடையில் நிற்கின்றன! மாட்டுக்கு 3000 வோல்ட்டாவது வேண்டும், மீட்டரில் 1400. விற்றவரைக் கேட்டால் பேட்டரியை மாற்றச் சொன்னார். மாற்றினேன், தண்டம். துடிப்பு மாட்டின் வழியாக மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்பினால்தான் சுளீர் என்று இருக்கும். மண் காய்ந்துபோய் எர்த் பிடிக்கவில்லை என்பதுதான் விஷயம். துத்தநாகம் பூசிய கம்பிகள் மூன்றை, ஒவ்வொன்றுக்கும் மூன்று மீட்டர் இடைவெளி விட்டு, ஈரம் நிற்கும் இடத்தில் ஆழமாக அடித்த பிறகு 5000-ஐத் தாண்டியது. இன்னொரு சோதனை: வேலியைத் தூரத்தில் ஓரிடத்தில் இரும்புக் கம்பி சாய்த்து ஷார்ட் செய்துவிட்டு எர்த் கம்பியில் அளந்து பாருங்கள், 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் கம்பி அடிக்க வேண்டும். இதைப் பெட்டியோடு வந்த தாளில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

மிச்சக் கயிற்றில் மேய்ச்சலைத் துண்டுகளாகப் பிரித்தேன். பாதிப் புல் தீர்ந்ததும் மாடுகளை அடுத்த துண்டுக்கு ஓட்டிவிடுவேன். ஒட்ட மேய விட்டால் வேரும் சுருங்கிவிடும், வெறும் மண்ணில் விழுகிற மழை நிற்காமல் ஓடிவிடும். முன்பு மழை விட்டதும் செம்மண் குழம்பாக ஓடிய சரிவில் இப்போது புல் மூடி நிற்கிறது. ஓடைக்கரையில் நாணல் தானாகவே வந்துவிட்டது, நான் ஒன்றும் நடவில்லை.

கயிறுதான் வெயிலில் நார் நாராகப் பிரிகிறது, உள்ளே இழை அறுந்தாலும் வெளியே தெரிவதில்லை. அடுத்த சுருளை வேறு இடத்தில் வாங்குவேன். பெட்டியை மாற்றுவதாக இல்லை.