ஜித்தாவிலிருந்து வந்த தோரன்ஸ்: பணம் கொடுக்குமுன் தட்டைத் தூக்கிப் பாருங்கள்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இசைத்தட்டு ஓட்டும் பழைய டர்ன்டேபிள் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவையிலிருந்து வாளையார் தாண்டி வந்து வாங்குகிறவர்களும் படியுங்கள். எனக்கு 71,000 ரூபாய் போயிற்று. அதையாவது சம்பாதித்துவிடலாம். அப்பா சேர்த்து வைத்த எல்பி இசைத்தட்டுகளில் மூன்று பாழாகிவிட்டன. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்பா போன பிறகு அவருடைய இசைத்தட்டுகள் இரும்புப் பெட்டியில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தன. அவற்றைக் கேட்க ஒரு நல்ல கருவி வாங்க வேண்டும் என்று இந்த ஆண்டுதான் கை கூடிவந்தது. பாலக்காட்டில் பழைய ஒலிக்கருவிகள் விற்கும் ஒருவரிடம் தோரன்ஸ் நிறுவனத்தின் டிடி 160 டர்ன்டேபிள் இருப்பதாகச் சொன்னார்கள். 1972-இல் வந்த மாடல். பெல்ட்டில் ஓடுவது, இசைத்தட்டை வைக்கும் சுழல் தட்டும் ஊசிக்கையும் ஸ்பிரிங்குகளின் மேல் மிதக்கும். வீட்டில் உட்கார்ந்து கேட்க அருமையான கருவி, அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

“ஜித்தாவிலிருந்து வந்தவர் கொடுத்தது, அண்ணா. நம் ஊர்த் தூசி படாத பொருள்” என்றார் கடைக்காரர். விலை 46,000. அது 110 வோல்ட் கருவி என்பதால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் 4,500. ஊசியைத் தாங்கும் ஷூர் கார்ட்ரிட்ஜ், “பழைய ஸ்டாக், பெட்டி பிரிக்காதது” என்று 14,000. ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்க ஆம்ப்ளிபயருக்கு முன்னால் வைக்கும் போனோ பெட்டி 6,500. அந்தப் போனோ பெட்டியை மட்டும் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே வேலை செய்கிறது. சுழல் தட்டைத் தூக்கி உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன். “இது கேட்டு வாங்குகிற பொருள், பிரித்துப் பார்க்கிற பொருளில்லை” என்று சொல்லி, ஒரு வீணைத்தட்டைப் போட்டார். ஐந்து நிமிடம் கேட்டேன். மயங்கிவிட்டேன். ரசீது கேட்கவில்லை.

வீட்டில் முதலில் கண்டுபிடித்தது அம்மா. “பாட்டு ஏன் தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருக்கிறது?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அம்மா சுருதிப்பெட்டியை எடுத்துவந்து பாடகியின் ஐந்து கட்டைச் சுருதிக்குச் சேர்த்து வைத்தார். முதல் பக்கம் சேர்ந்தது. தட்டைத் திருப்பிப் போட்டு இரண்டாம் பக்கம் முடிவதற்குள் கால் கட்டை இறங்கியிருந்தது. பின்னணியில் தம்பூரா ஏறி இறங்கி அலைந்தது.

வேகத்தைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சுழல் தட்டின் ஓரத்தில் துண்டுக் காகிதம் ஒன்றை ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றுகளை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 33⅓ என்றால் மூன்று நிமிடத்தில் சரியாக நூறு சுற்று. என்னுடையது போட்டவுடன் 101, அரைமணி நேரம் கழித்து 97.

கடைக்காரரிடம் தொலைபேசியில் சொன்னேன். “ரெக்கார்டு பழையது, அண்ணா. மிஷினில் ஒன்றுமில்லை” என்றார். இரண்டாம் முறை அழைத்தபோது எடுக்கவில்லை. நேரில் போனபோது, விற்ற பொருளைத் திரும்ப எடுக்கும் வழக்கமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோவையில் பழைய ஒலிக்கருவி பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். வெளித்தட்டைத் தூக்கி வைத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, மோட்டார் அச்சில் பெல்ட்டை இழுக்கும் சிறு உருளையான புல்லியை விரலால் தடவிப் பார்த்தார். “இங்கே தொட்டுப் பாருங்கள் தம்பி” என்றார். உலோகத்தின் வழவழப்பு இல்லை, ரப்பர் போல இருந்தது. மின்கம்பி இணைப்பில் போட்டுச் சூடு காட்டி இறுக்குவார்களே, அந்தக் கறுப்பு ஸ்லீவை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் புல்லியைத் தடிமனாக்கியிருந்தார்கள். பிளேடால் கீறி எடுத்துவிட்டு ஓடவிட்டார். மூன்று நிமிடத்தில் 83 சுற்று.

காரணத்தை அவர்தான் விளக்கினார். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிப்பது, அதாவது 50 ஹெர்ட்ஸ். ஜித்தா இருக்கும் சவூதியில் 60. வளைகுடாவில் துபாய், குவைத், மஸ்கட், தோஹா எல்லாம் நம்மைப் போல 50தான், சவூதி மட்டும் வேறு. அமெரிக்காவும் 60. இந்த வகை மோட்டார் மின்சாரத்தின் துடிப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றுவது. 60-க்கான புல்லியோடு இங்கே ஓடவிட்டால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் வரும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிரத் துடிப்பை மாற்றாது. “இந்தப் பெட்டியைப் போட்டால் நம் ஊர் கரண்டுக்கு மாறிவிடும்” என்று சொல்லி 4,500 ரூபாய் வாங்கியது பச்சைப் பொய். புல்லியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்கினால்தான் சரியாகும். அதை முறையாகச் செய்யாமல் ஸ்லீவைச் சுற்றி, கடையில் ஐந்து நிமிடம் சரியாக ஓடுகிற அளவுக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மோட்டார் சூடேறியதும் ஸ்லீவ் இளகுகிறது, பெல்ட் நழுவுகிறது.

மின்சாரத்தின் துடிப்பை நம்பாமல் உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் கட்டுப்பாட்டில் ஓடும் டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 எம்கே 2 போன்றவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றுக்குச் சரியான வோல்ட் கொடுத்தால் போதும்.

அதன் பிறகு ஊசியைப் பார்த்தார். நகைத் தட்டார்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸை என்னிடம் கொடுத்தார். முனை ஒரு பக்கம் சாய்ந்து, பசை பிதுங்கி நின்றது. ஷூர் நிறுவனம் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பதையே 2018-இல் நிறுத்திவிட்டது. அதனால் “பழைய ஸ்டாக்” என்ற பெயரில் போலிகள் நிறைய உலவுகின்றனவாம். ஊசி தட்டை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்க, நகை எடை போடும் சிறிய தராசில் அதை இறக்கினார். 4.3 கிராம். ஒன்றரை கிராமுக்கு மேல் போகக்கூடாத இடம். எடை குறைவாக இருந்தால் சாய்ந்த ஊசி தாவும். அதை மறைக்க எடையைக் கூட்டியிருக்கிறார்கள்.

பதினொரு நாள் அந்த ஊசியை அப்பாவின் தட்டுகளில் ஓட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முனையில் சாம்பல் நிறத் துகள் ஒட்டியிருந்தது. தூசி என்று நினைத்துத் தூரிகையால் துடைத்தேன். அது தூசியில்லை, பள்ளத்திலிருந்து சுரண்டி வந்த வினைல். பாலக்காடு மணி அய்யர் மிருதங்கம் வாசித்த ஒரு எல்பியை மட்டும் ஆறு ஏழு முறை போட்டிருப்பேன். அப்பா அதைக் கேட்கும்போது தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். இப்போது தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில், மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைச் சொற்கள் விழும் இடமெல்லாம் கரகரவென்று கிழிகிறது. நல்ல ஊசி போட்டும் போகவில்லை. போகாது என்று பெரியவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் புதுப் புல்லி கடைந்து வாங்கினோம். பெல்ட் நழுவாமல் இருக்க நடுவில் மயிரிழை அளவு மேடு வைக்க வேண்டும் என்று பெரியவர் பக்கத்திலேயே நின்று சொல்லிச் செய்வித்தார். இப்போது மூன்று நிமிடத்தில் நூறு. அம்மாவும் சுருதிப்பெட்டி வைத்துப் பார்த்துத் தலையசைத்துவிட்டார்.

நீங்கள் வாங்கப் போனால் தட்டைத் தூக்கிப் புல்லியைத் தொட்டுப் பாருங்கள். அரைமணி நேரம் ஓடவிட்டு எண்ணுங்கள். தராசும் லென்ஸும் எடுத்துப் போங்கள், விற்பவர் சங்கடப்பட்டால் படட்டும். உங்கள் அருமையான இசைத்தட்டைச் சோதனைக்குக் கொடுக்காதீர்கள். ரசீது வாங்குங்கள், ரசீது இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கருவியின் அடியிலோ பின்புறமோ இருக்கும் தகட்டில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். என் கருவியில் அந்த இடத்தில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. பெரியவர் உரித்த பிறகுதான் 60 என்ற எண் தெரிந்தது.

போன வாரம் அதே கடைக்காரர் இன்னொரு பெல்ட் டர்ன்டேபிளின் படங்களை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டிருக்கிறார். இதுவும் ஜித்தாவிலிருந்து வந்ததாம். நான்காவது படத்தில் பின்பக்கத் தகடு தெரிகிறது. அதன்மேல் அதே மஞ்சள் விலைச்சீட்டு.