இருபதாயிரம் ரூபாய்க்கு ஒரு அடிக்குறிப்பு: வரி ஆராய்ச்சிச் சந்தா, ஒரு வருட அனுபவம்

சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மூன்றாவது மெயில் வந்துவிட்டது, நடுவில் இரண்டு முறை போன் வேறு. பணம் கட்டுவதற்கு முன்னால் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சேவையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்படி நாலைந்து இருப்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்: வருமான வரிச் சட்டம், விதிகள், சுற்றறிக்கைகள், உச்ச நீதிமன்றம் தொடங்கி வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரைக்கும் தீர்ப்புகள், இப்போது புதிதாக ஒரு ஏஐ உதவியாளர். 18 சதவீத ஜிஎஸ்டியோடு எனக்கு இருபதாயிரத்தைத் தாண்டியது. தனி ஆளாக ஆபீஸ் நடத்துகிறவனுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஜூலை மாதத்தில் சம்பளக்காரர்களின் ரிட்டர்ன் எத்தனை போட்டால் அது வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன்.

முதலில் ஒன்று. சம்பளம், வட்டி, வீட்டுக்கடன், இவ்வளவுதான் உங்கள் வேலை என்றால் இது வேண்டவே வேண்டாம். வருமான வரித் துறையின் தளத்திலேயே சட்டம் முழுக்க இலவசமாகக் கிடக்கிறது, எந்த ஆண்டு நிதிச் சட்டம் வரை திருத்தியது வேண்டும் என்று தேர்ந்தெடுத்தும் படிக்கலாம். தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன் என்ற தளம் இருக்கிறது. 2008ல் தொடங்கியது, இன்றைக்கும் காசு வாங்காமல் தேட விடுகிறது, ஒரு தீர்ப்பைப் பின்னால் எந்தெந்த வழக்குகளில் எடுத்துக் காட்டினார்கள் என்ற பட்டியலும் அதிலேயே வரும். பல வருஷம் இந்த இரண்டை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினேன். பிறகு 2025 ஆகஸ்ட்டில் நாமக்கல் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருக்காகத்தான் சந்தா கட்டினேன் என்றே சொல்லலாம்.

2024 நவம்பரில் நிலம் விற்றிருக்கிறார். மானாவாரி நிலம், எங்கள் பக்கத்துப் பேச்சில் காடு. "ஏனுங்க தம்பி, சோளம் வெதைச்ச காட்டுக்கு என்னத்துக்குங்க வரி?" என்றார். கேள்வி நியாயமானதுதான். கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தே இல்லை, விற்ற லாபத்துக்கு வரி கிடையாது. ஆனால் எது கிராமப்புறம் என்பதை 1961 வருமான வரிச் சட்டத்தின் 2(14) பிரிவு கிலோமீட்டரில் சொல்கிறது. மக்கள்தொகை 10,000க்கு மேல் 1 லட்சம் வரை உள்ள நகராட்சி என்றால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் போனால் 8 கிலோமீட்டர். அதற்குள் நிலம் இருந்தால் சோளம் விதைத்தாலும் சரி, மல்லிகை வைத்தாலும் சரி, வரி உண்டு. நாமக்கல் நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஐம்பத்தைந்தாயிரம் சொச்சம். அதனால் 2 கிலோமீட்டர் கணக்கு. அந்த ஊர் 2024ல் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, காரைக்குடியோடு சேர்ந்து மாநகராட்சி வேறு ஆகிவிட்டது. எல்லை விரிந்தால் அளவுகோலின் தொடக்கமே நகரும், பத்திரம் பதிந்த அன்றைக்கு எல்லை எங்கே இருந்தது என்று அரசிதழைப் புரட்ட வேண்டியிருக்கும். இவர் விஷயத்தில் அந்தத் தலைவலி இல்லை, பழைய நகராட்சி எல்லையிலிருந்தே நிலம் பக்கம்தான். ரோட்டு வழியாகப் போனால் 2.7 கிலோமீட்டர். மேப்பில் நேர்கோடு இழுத்தால் 1.7. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் மொத்த வரியும் உட்கார்ந்திருந்தது.

புதுச் சந்தா, புது ஆர்வம். ஏஐ உதவியாளரிடம் கேட்டேன். மூன்றே வினாடியில் அழகான பதில். சாலை வழியாகத்தான் தூரத்தை அளக்க வேண்டும், இன்ன உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆகவே உங்கள் கட்சிக்காரருக்கு வரி இல்லை. கீழே தீர்ப்பின் இணைப்பு. திறந்து பார்த்தேன், தீர்ப்பு உண்மையானது, அதில் அப்படித்தான் இருக்கிறது. பெரியவருக்குப் போன் போடக் கையை நீட்டிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று பிரிவின் மூல வாசகத்தைத் திறந்ததுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

'வான்வழியாக அளக்கப்படும்' என்ற சொல்லின் தலைமேல் எறும்பு மாதிரி ஒரு சின்ன அடிக்குறிப்பு எண். அதைத் தொட்டால் ஒரு பெட்டி விரிகிறது. இந்த வாசகம் 2013 நிதிச் சட்டத்தால் மாற்றப்பட்டது, 1.4.2014 முதல் செல்லும், அதற்கு முன் வாசகம் இப்படி இருந்தது என்று பழையதையும் முழுதாகப் போட்டிருக்கிறார்கள். பழைய வாசகத்தில் வான்வழி என்ற பேச்சே இல்லை. ஏஐ காட்டிய தீர்ப்பு அந்தப் பழைய வாசகத்தின் மேல் சொன்னது. அதே பெட்டியின் கடைசி வரியில், வரித் துறையின் மேலே இருக்கும் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2015ஆம் வருட 17ஆம் எண் சுற்றறிக்கைக்கு இணைப்பு. 2014-15 மதிப்பீட்டு ஆண்டுக்கு முந்தைய விற்பனைகளுக்கு வான்வழித் தூரத்தைப் பிடித்துக்கொண்டு மேல்முறையீடு போகாதீர்கள் என்று தன் அதிகாரிகளுக்கே துறை சொன்னது அது. அதாவது சாலைக் கணக்கு அன்றைக்குச் சரி, இன்றைக்குச் செல்லாது. 1.7தான் கணக்கு. வரி உண்டு.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏஐ இல்லாத தீர்ப்பை உருவாக்கும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம், அந்தப் பயமும் சும்மா இல்லை. 2024 டிசம்பரில் பெங்களூரு தீர்ப்பாயத்தின் உத்தரவு ஒன்றிலேயே இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்று, பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். 2025ல் மும்பை உயர்நீதிமன்றம் ஒரு மதிப்பீட்டு உத்தரவை ரத்து செய்தது, அதிகாரி நம்பி எழுதிய தீர்ப்புகள் எங்கேயுமே இல்லை என்பதால். ஆனால் இல்லாத தீர்ப்பைப் பிடிப்பது சுலபம், தேடினால் வராது, அவ்வளவுதான். எனக்குக் கிடைத்தது இருக்கிற தீர்ப்பு, உயர்நீதிமன்றத் தீர்ப்பு, வேறு காலத்துச் சட்டத்துக்குச் சொன்ன தீர்ப்பு. தேடிச் சரிபார்க்கிறவனும் அதில் ஏமாறுவான். இதை அவர்களுக்குப் புகாராக எழுதினேன். டிக்கெட் எண் ஒன்று வந்தது, எட்டு நாள் கழித்து 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இன்னொன்று வந்தது.

சரி, வரி உண்டு என்று ஆகிவிட்டது. விற்றது 2024 ஜூலை 23க்குப் பிறகு, வாங்கியது அதற்கு ரொம்ப முன்னால், அதனால் 12.5 சதவீதமா, வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டால் உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதமா, எது குறைவோ அது. இதற்கெல்லாம் சந்தா வேண்டாம், எக்செல் போதும். பெரியவருக்கு நல்ல வழி அதே சட்டத்தின் 54பி பிரிவு. தானோ தன் பெற்றோரோ விற்பனைக்கு முந்தைய இரண்டு வருஷம் விவசாயம் செய்த நிலம் என்றால், விற்ற இரண்டு வருஷத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் அந்த அளவு லாபத்துக்கு வரி விலக்கு. ரிட்டர்ன் கடைசித் தேதிக்குள் வாங்கி முடிக்காவிட்டால், மிச்சப் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு திறந்து போட்டுவிட வேண்டும். அந்த வருஷம் கடைசித் தேதி தள்ளித் தள்ளி செப்டம்பர் 16 வரை போனதால் எங்களுக்கு நேரம் இருந்தது. ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். கிணறு, மின் இணைப்பு எல்லாம் உள்ள இடமாம். நானும் நிம்மதியாக டீ சொன்னேன். அப்புறம்தான் அந்த வார்த்தை வந்தது.

"பத்திரத்தை ஊட்டுக்காரி பேர்ல எழுதிக்கறனுங்க. பொம்பளைங்க பேர்ல எழுதுனா பதிவுக் கட்டணம் கொறையுதாமாங்க."

பத்திரம் எழுதுகிறவர் சொல்லியிருக்கிறார். 2025 ஏப்ரல் முதல் அந்தச் சலுகை இருப்பது உண்மை, 1 சதவீதம். ஆனால் சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால்தான். இவர் பார்த்த தோட்டம் அதைப் போல நான்கு மடங்கு, ஆக அந்தச் சலுகையும் கிடையாது. அது கிடக்கட்டும். வரிச் சட்டத்தில், மனைவி பெயரில் வாங்கிய நிலத்துக்குக் கணவர் விலக்கு கேட்க முடியுமா?

சந்தாவுக்கு நான் கொடுத்த காசு இங்கேதான் வசூல் ஆனது என்பேன். 54பி பிரிவின் கீழ் 'யார் பெயரில் வாங்கலாம்' என்று தனித் தலைப்பே வைத்திருக்கிறார்கள், உயர்நீதிமன்ற வாரியாக. நம் சென்னை உயர்நீதிமன்றம் மனைவி பெயரில் வாங்கிய வீட்டுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது, 287 ஐடிஆர் 271. (ஐடிஆர் என்றால் நாம் போடுகிற ரிட்டர்ன் இல்லை, 1933லிருந்து வரும் தீர்ப்புத் தொகுப்பு, நம் சென்னையிலிருந்துதான் வெளியாகிறது.) டெல்லியும் 2013ல் அந்தப் பக்கமே. மும்பை 2008ல் மகன் பெயரில் வாங்கியதற்கு முடியாது என்றது. பஞ்சாப்-ஹரியானா 2015ல், அதுவும் இதே 54பியில், இதே மனைவி பெயரில், முடியாது என்றது. ராஜஸ்தான் 2017ல் அதே 54பியில் முடியும் என்றது. சட்டப் பிரிவு ஒன்று, நாடு ஒன்று, பதில் மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

இங்கே புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு, எந்தப் பக்கம் எத்தனை தீர்ப்பு என்று எண்ணுவது. எண்ணிக்கை முக்கியம் இல்லை, யாருடைய வார்த்தை நம்மைக் கட்டும் என்பதுதான் முக்கியம். நாமக்கல்காரருக்கு சென்னை உயர்நீதிமன்றம்தான் மேலே, மற்றவை வாதத்துக்கு உதவும், அவ்வளவுதான். ஆனால் சென்னைத் தீர்ப்பு வீடு பற்றிய 54க்குச் சொன்னது, நிலம் பற்றிய 54பிக்கு இல்லை. வாசகம் ஒத்துப்போகிறது என்று வாதாடலாம், அது வேறு என்று அதிகாரியும் எழுதலாம். எல்லாம் கணினி வழியாகவே நடக்கும் இந்த முகம் தெரியாத மதிப்பீட்டில் அந்த அதிகாரி எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுகூட நமக்குத் தெரியாது. இரண்டு விதமாகப் பொருள் கொள்ள முடிந்தால் வரி கட்டுகிறவருக்குச் சாதகமானதை எடு என்று உச்ச நீதிமன்றம் 1973ல் சொன்னதைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால், விலக்கு அறிவிப்பில் சந்தேகம் வந்தால் அது அரசுக்கே சாதகம் என்று 2018ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. சுங்க வரி வழக்கு என்றாலும் துறை அதை எல்லா இடத்திலும் தூக்கிக்கொண்டு வரும். இந்த 1973, 2018 இரண்டையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்து, பின்னதில் எது மாறியது, எது மாறவில்லை என்று ஆசிரியர் குழுவில் யாரோ ஒரு மனிதர் எழுதிய அரைப்பக்கக் குறிப்பு இருந்தது. இந்தத் தளத்தில் நான் படித்ததிலேயே உருப்படியான அரைப்பக்கம். இவற்றை இலவசமாகவே தேடி எடுத்திருக்கலாம்தான், எனக்கு மூன்று ராத்திரி ஆகியிருக்கும், அப்படியும் ராஜஸ்தானை விட்டிருப்பேன்.

மற்றவை சுருக்கமாக. புதிய வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது, சேமிப்புக் கழிவுக்கான 80சி இப்போது 123, டிடிஎஸ் பிரிவுகளில் பெரும்பாலானவை 393க்குள் போய்விட்டன. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறார்கள், நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய பிரிவின் அடிக்குறிப்புகள் புதிய பிரிவின் கீழ் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. நான் எதற்காகக் காசு கொடுக்கிறேனோ அதில்தான் ஓட்டை. பழைய வருஷங்களின் நோட்டீஸ்கள் இன்னும் பல ஆண்டுக்கு 1961 சட்டத்தில்தான் ஓடும் என்பதால் இப்போதைக்குச் சமாளிக்கிறேன். தீர்ப்பாய உத்தரவுகளில் சில, ஸ்கேன் செய்த படமாகவே கிடக்கின்றன, தேடலில் சிக்காது. ஒரே நேரத்தில் ஒரு கருவியில்தான் லாகின், ஆபீஸில் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் போச்சு. மொபைல் செயலியைப் பற்றிப் பேசாமல் இருப்பது மரியாதை. உள்ளூர் விஷயம் எதற்கும் இது உதவாது. நகராட்சி எல்லை, அடங்கல், விஏஓ சான்று, இதற்கெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும்.

பெரியவரிடம் கடைசியில் சொன்னது ஒரே வரி. "பத்திரத்தை உங்க பேர்லயே எழுதிக்குங்க ஐயா." இத்தனை தீர்ப்பையும் படித்தது, அவற்றில் எதையும் எடுத்துக்கொண்டு வாதாடப் போகாமல் இருப்பதற்காகத்தான். பத்திரம் இன்னும் பதியவில்லை என்பதால் அது முடிந்தது. பதிந்த பிறகு வந்திருந்தால் சென்னைத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குத்தான் போயிருப்பேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவகிட்டச் சொல்லிப் போட்டனுங்களே தம்பி," என்றார்.

அதற்கு அந்தத் தளத்தில் தீர்ப்பு எதுவும் கிடைக்கவில்லை.

சந்தாவைப் புதுப்பிக்கத்தான் போகிறேன். ஏஐ இல்லாமல் வெறும் அடிக்குறிப்பு மட்டும் குறைந்த விலைக்குக் கிடைக்குமா என்று போனில் கேட்டேன், அப்படி ஒரு பிளான் இல்லை சார் என்றார் அந்தப் பையன். யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டுப் பத்து சதவீதம் குறைத்தார். நீங்களும் யோசிக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.