பழைய பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? செங்கோட்டை பக்கம் ஒரு நல்ல பட்டறை

தென்காசி, செங்கோட்டை, இல்லை எல்லைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வட்டாரத்தில் பழைய எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இஞ்செக்டர்) பெட்ரோல் கார் வைத்திருக்கிறீர்களா? செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் வழியில் இருக்கும் ஒரு சின்ன ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை, மங்கிப்போன போர்டு. வேலை அவ்வளவு சுத்தம்.

என்னுடையது 2003 மாடல். செல்ஃப் நன்றாக அடிக்கிறது, பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்கிறது, பிளக்கில் ஸ்பார்க்கும் வருகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவே இல்லை. முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் பீச்சும் நான்கு இஞ்செக்டரையும் கழற்றி, மெஷினில் போட்டுச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டினார்கள். அதே நிலைமைதான். நான்கையும் புதிதாகப் போட வேண்டும், அதற்கும் சரியாகாவிட்டால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம்மையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள் பாருங்கள், வண்டியை விற்றாலும் அதில் பாதி கிடைக்காது. இவ்வளவும் சொல்லி முடிக்கும்வரை அங்கே ஒருவர்கூட மல்டிமீட்டரைக் கையில் எடுக்கவில்லை, எனக்கு ஆத்திரமே அதில்தான்.

கட்டி இழுத்துக்கொண்டு இந்தப் பட்டறைக்கு வந்தோம். விவரத்தைக் கேட்டதுமே பட்டறைக்காரத் தம்பி சொன்னார்: "நாலும் ஒரே நேரத்துல போகாது அண்ணாச்சி. நாலுக்கும் பொதுவா எது இருக்கோ, அதத்தான் பாக்கணும்."

ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டிலுக்குள் கொஞ்சம் தீப்பிடிக்கக்கூடிய கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துவிட்டு செல்ஃப் போடச் சொன்னார். இன்ஜின் பிடித்து இரண்டு நொடி ஓடி நின்றது. அப்படியானால் ஸ்பார்க், கம்ப்ரஷன் எல்லாம் சரி, பெட்ரோல் மட்டும் உள்ளே போகவில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரை இஞ்செக்டர் மேல் வைத்துக் காதைக் கொடுத்தார், டிக் டிக் சத்தம் இல்லை. மீட்டரில் நான்கு காயிலும் 13 ஓம் பக்கம் காட்டியது. இந்த வகை இஞ்செக்டருக்கு 12 முதல் 16 ஓம் வரை இருந்தால் போதும், ஆக காயிலும் பழுதில்லை.

அடுத்துச் செய்ததுதான் முக்கியம். இஞ்செக்டருக்கு 12 வோல்ட் பிளஸ், சாவியைப் போட்டதும் மெயின் ரிலே வழியாக வந்து நின்றுவிடும். இசிஎம் செய்வதெல்லாம் மறுமுனையைச் சில மில்லிசெகண்ட் எர்த் செய்துவிட்டு விடுவது, அவ்வளவு நேரம்தான் பெட்ரோல் பீச்சும். இஞ்செக்டரில் மாட்டும் நான்கு ஒயர் கப்ளரிலும் பிளஸ் இருந்தது, எனவே ஃபியூஸ், ரிலே இரண்டையும் ஒதுக்கிவிட்டார். அப்புறம் கப்ளரில் எல்.இ.டி. டெஸ்ட் லைட்டைச் செருகி செல்ஃப் அடித்தார். சிமிட்ட வேண்டும், சிமிட்டவில்லை. (சாதாரண பெரிய பல்ப் அதிக கரண்ட் இழுக்கும், இசிஎம் உள்ளே இஞ்செக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் போய்விடலாம் என்பதால் எல்.இ.டி. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.)

ஸ்பார்க் வருவதால் இன்ஜின் சுற்றுவது இசிஎம்முக்குத் தெரிகிறது, கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கத் தேவையில்லை என்றார். த்ராட்டில் சென்சாரை மட்டும் அளந்து பார்த்தார். பல வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்தால், பிளக் நனைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு இசிஎம் பெட்ரோலை நிறுத்திவிடும். சென்சார் கெட்டு ஃபுல் த்ராட்டில் என்று பொய் சொன்னாலும் இதே கதிதான். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் இஞ்செக்டருக்குக் காசு கொடுத்திருப்பார்களோ.

அது சரியாக இருந்தது. கடைசியில் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இசிஎம்மின் எர்த் ஒயரிலும் வைத்து செல்ஃப் போடச் சொன்னார். கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டிய இடத்தில் 2 வோல்ட்டுக்கு மேல் ஏறியது. என் வண்டியில் இஞ்செக்டர் டிரைவருக்கென்று தனி எர்த், அது இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு போல்ட்டில் வந்து உட்காருகிறது. ஒயரை லேசாக இழுத்ததும் முனையில் இருக்கும் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) கையோடு வந்தது. உறைக்குள் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு, இழைகள் தூளாக உதிர்ந்தன. வருஷா வருஷம் சாரலில் நிற்கிற வண்டிகளில் இது சகஜமாம்.

செம்பு பளிச்சென்று தெரியும்வரை ஒயரை வெட்டி, புது லக் அழுத்தி ஈயம் வைத்து, மேனிஃபோல்டை எமரி பேப்பரால் தேய்த்து இறுக்கினார், மேலே கிரீஸ். உடனே செல்ஃப் போடவில்லை, முதலில் எல்.இ.டி. சிமிட்டுவதை எனக்குக் காட்டினார், பிறகுதான் கப்ளரை மாட்டினார். முதல் அடியிலேயே வண்டி பிடித்தது.

கூலி 700 ரூபாய். வெட்டி எடுத்த துண்டையும் கையில் கொடுத்துவிட்டார்.

குறை இல்லாமல் இல்லை. பில் கிடையாது, போன் எடுப்பது அபூர்வம், மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். சபரிமலை சீசனில் புனலூர் பக்கத்து வண்டிகளும் வந்து சேர்ந்துவிடும், அவர்களோடு மலையாளத்தில் பேசிக்கொண்டே வேலை பார்ப்பார், நம் முறை வர மதியம் ஆகும். லேப்டாப் ஸ்கேனர் இல்லை. நம் நாட்டில் ஓபிடி (வண்டி தன் பழுதைத் தானே சொல்லும் வசதி) கட்டாயமானதே பிஎஸ்-4 புகை விதி காலத்தில்தான், அதற்கு முந்தைய பல வண்டிகளில் சாதாரண ஸ்கேனரைச் செருகிப் பெரிதாக எதுவும் தெரியப்போவதில்லை. காமன் ரெயில் டீசல் வண்டி என்றால் கை வைக்க மாட்டார், அதை முதலிலேயே சொல்லிவிடுவார். காலையில் கடை திறக்கும்போதே போய்விடுங்கள்.