ஜிம் சந்தாவும் கார்க் கணக்கும்

எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இரண்டுமே இருக்கின்றன. மெயின் ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஏசி ஜிம். பின்தெருவில் ஒரு காலி மனைக்கு சிமெண்ட் தரை போட்டு, நாலு கம்பத்தில் விளக்குக் கட்டிய ஷட்டில் கோர்ட். மதுரையின் எந்தப் புது ஏரியாவுக்குப் போனாலும் இந்த ஜோடி கண்ணில் படும். "சுகர் எல்லைல நிக்குது சார், ஏதாவது பண்ணுங்க" என்று டாக்டர் சொன்னதும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வரும் முதல் குழப்பம், இதில் எதில் சேர்வது என்பதுதான். நான் இரண்டிலும் பணம் கட்டியவன். ஒன்றில் ஏமாந்தவன், இன்னொன்றில் முட்டியைக் கெடுத்துக்கொண்டவன்.

முதலில் காசு. ஜிம்முக்கு ஒரு மாதம் கட்டினால் விலை அதிகம், மூன்று மாதம் கட்டினால் கொஞ்சம் குறையும், ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதிக்குப் பாதி. நாம் எங்கே விழுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஜிம் சந்தாவுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதனால் நம் கணக்கு ஒன்றும் பெரிதாக மாறிவிடாது. விஷயம் கட்டணத்தில் இல்லை, போகாமல் இருப்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜிம் வருகைப் பதிவேடுகளை எடுத்து அலசி 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக நாலு தடவைதான் வந்திருக்கிறார்கள். பத்து தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலர். சந்தா கட்டியதால் 17 டாலருக்கும் மேல் விழுந்திருக்கிறது. போகாமல் இருப்பதற்குக் கூடுதல் காசு!

நான் அவர்களையும் மிஞ்சினேன். ஒரு வருடத்துக்குக் கட்டி ஏழு வாரம் போனேன். சரி, நாளை போகலாம், திங்கட்கிழமையிலிருந்து போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்து, ஐந்தாவது மாதம் ஒருநாள் ஷூவை மாட்டிக்கொண்டு போனால், போர்டையே காணோம். கண்ணாடிக் கதவில் 'வாடகைக்கு' என்று ஒட்டியிருந்தார்கள். ஜிம்காரர் நம்பருக்கு அடித்தால், இன்றுவரை யாரும் போனை எடுக்கவில்லை.

ஷட்டில் கோர்ட்டில் வரவுசெலவு ஒரு நாற்பது பக்க நோட்டுக்குள் அடங்கிவிடும். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒருவர்தான் அதை வைத்திருக்கிறார். அவரை எல்லோரும் 'ஈ.பி. சார்' என்றே கூப்பிடுவோம். மனைக்கு வாடகை, கரண்ட் பில், வருடத்துக்கு ஒரு நெட், எல்லாவற்றையும் ஆள்களால் வகுத்துவிடுவார். கார்க் கணக்கு மட்டும் தனி. ஒரு டியூபில் ஆறு நைலான் கார்க். எந்த கேமில் எத்தனை போச்சு, யார் ஆடினார்கள் என்று பச்சை மையில் எழுதுவார். கோபத்தில் ஸ்மாஷ் அடித்து கார்க்கைக் கிழித்தவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சுழி வேறு. போகாத மாதத்தில் கார்க் காசு கிடையாது. இங்கே யாரும் லாபம் பார்க்கவில்லை, அதனால் ஒரே இரவில் போர்டைக் கழற்றிக்கொண்டு போகவும் ஆள் இல்லை. மனைக்காரர் வீடு கட்டத் தொடங்கினால் மட்டும் எல்லாம் முடிந்தது.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். ஷட்டில்காரர்கள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றவிடும் ஆராய்ச்சி ஒன்று உண்டு. அது உண்மையானதுதான். கோபன்ஹேகனில் 8,577 பேரை 25 வருடம் வரை பின்தொடர்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவர்களோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடியவர்களின் ஆயுள் 9.7 வருடம் கூடுதல், பேட்மின்டன் 6.2, கால்பந்து 4.7, நீச்சல் 3.4, மெதுவோட்டம் 3.2. ஜிம் போன்ற இடங்களில் பயிற்சி செய்தவர்களுக்கு 1.5தான். கூட ஆள் இருந்து ஆடும் ஆட்டங்கள் மேலே நிற்கின்றன, தனியாகச் செய்பவை கீழே. ஆனால் இதை வைத்து ஜிம்மைத் தள்ளிவிட முடியாது. டென்னிஸ் ஆடுகிறவருக்கு ஏற்கெனவே கொஞ்சம் வசதியும் நேரமும் இருக்கும். டாக்டர் மிரட்டிய பிறகுதான் பலர் ஜிம்மில் சேர்கிறார்கள். ஆட்டம் ஆயுளைக் கூட்டியதா, ஆயுள் கெட்டியானவர்கள் ஆட வந்தார்களா என்பதை அந்த எண்களை வைத்துப் பிரிக்க முடியாது.

இன்னொன்று, ஷட்டில்காரர்கள் ஒத்துக்கொள்ளாத சங்கதி. முப்பதைத் தாண்டினால் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. நம் கோர்ட்டில் அது தாராளமாக வரும். ஆனால் அதே பரிந்துரையின் அடுத்த வரியில், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்றிருக்கிறது. அதை ஷட்டில் தராது. நேராக ஆபீஸிலிருந்து வந்து, பையை வைத்துவிட்டு, சிமெண்ட் தரையில் குதித்து ஸ்மாஷ் அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு என் இடது முட்டி சாட்சி. பிசியோதெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வி: "ஸ்குவாட் போடுவீங்களா?" இல்லை என்றேன். "அப்ப முட்டிய எது தாங்கும்?" என்றார். ஆக, தொடைக்கு வலு ஏற்ற மறுபடியும் ஒரு ஜிம் படியேறினேன். இந்தமுறை மாதாமாதம்தான் கட்டுகிறேன்.

இனி மனிதர்கள். ஜிம்மில் எல்லோர் காதிலும் இயர்போன். எட்டு மாதமாகப் பக்கத்து பெஞ்சில் எடை தூக்குகிறவரின் பெயர் எனக்குத் தெரியாது. நான் பத்து நாள் போகாவிட்டால் ஆப்பில் ஒரு மெசேஜ் வரும், 'உங்களை மிஸ் பண்றோம், புதுப்பித்தால் 20 சதவீதத் தள்ளுபடி' என்று. கோர்ட்டுக்கு இரண்டு நாள் போகாவிட்டால் காலை ஆறே காலுக்குப் போன் வரும். "என்ன சார், உடம்பு சரியில்லையா? மூணு பேர்தான் நிக்கிறோம்." இதில் பாதி அக்கறை, பாதி டபுள்ஸுக்கு ஆள் குறைகிற எரிச்சல். இருக்கட்டுமே. போன வருடம் எங்கள் செட்டில் ஒருவருக்கு ராத்திரி நெஞ்சு வலி வந்தபோது, அவர் மனைவி முதலில் அடித்தது ஈ.பி. சாருக்குத்தான்.

இங்கேதான் கிளப் பக்தர்களோடு நான் பிரிகிறேன். ஆளைச் சேர்க்கும் அதே கிளப்தான் ஆளை வெளியே நிறுத்தவும் செய்யும். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இலிருந்து இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் பெவிலியனில் சாப்பிட, இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் உட்கார வேண்டியிருந்த காலம் அது. அந்த அவமானம் பொறுக்காமல்தான் புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்பார்கள். அது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. எங்கள் மாவட்டத்தில் ராத்திரி கபடிப் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். மண் குழைத்த களம், ஒலிபெருக்கி, கோப்பையோடு பக்கத்தில் கட்டியிருக்கும் ஆட்டுக்கிடா, பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். ஊருக்கு ஒரு கழகம் இருக்கும், பல ஊரில் தெருவுக்கு ஒன்று. எந்தத் தெருப் பையன் எந்த ஜெர்சி போடுவான் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஷட்டில் கோர்ட் மட்டும் என்ன வாழ்கிறது? இருபத்திரண்டு பேரில் ஒரு பெண் கூட இல்லை. யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. ஜிம்மில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை லேடீஸ் பேட்ச். என் அக்கா மூட்டுவலிக்கு அங்கேதான் போகிறாள். பணம் கட்டினால் போதும், எந்தத் தெரு என்று ஜிம் கேட்பதில்லை. சந்தைக்கு இப்படி ஒரு நல்ல குணமும் உண்டு.

கலோரியே எரியாத கிளப்பும் ஒன்று இருக்கிறது, கேரம் கிளப். உடம்புக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் வடசென்னையில் பலகையும் பவுடருமாக ஒரு சின்ன அறை எத்தனை பிள்ளைகளைத் தெருச் சண்டையிலிருந்து உள்ளே இழுத்திருக்கும்! ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியது அப்படிப்பட்ட சூழலிலிருந்துதான். எந்த டிரெட்மில்லும் இதைச் செய்யாது.

அரசாங்கமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடியிருக்கிறது. ஜெயலலிதா ஆட்சியில் ஊராட்சிகளுக்கு அம்மா உடற்பயிற்சிக் கூடம் அறிவித்தார்கள். ஸ்டாலின் ஆட்சியில், 2024இல், 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டுப் பொருள் தொகுப்பு. ஒருவர் கம்பியைக் கொடுத்தார், ஒருவர் பந்தைக் கொடுத்தார். என்னைக் கேட்டால் பந்துதான் சரி. பந்து இருந்தால் பத்துப் பேர் தானாக வருவார்கள், கம்பிக்கு ஒரு மாஸ்டர் வேண்டும். ஆனால் நான் பார்த்த ஓர் ஊரில் கூடமும் பூட்டு, பையும் பீரோவுக்குள் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள். அந்த ஊரில் நோட்டுப் போட ஓர் ஈ.பி. சார் இல்லை.

கல்லூரிப் பையனாக இருந்தால் ஆட்டம்தான், யோசிக்கவே வேண்டாம். நாற்பதைத் தாண்டிய ஆளுக்கு இரண்டு நாள் இரும்பு, மூன்று நாள் ஆட்டம்; கையில் காசு ஒன்றுக்குத்தான் என்றால் ஆட்டத்தை வைத்துக்கொண்டு, வீட்டிலேயே தண்டாலும் பஸ்கியும் எடுக்கலாம். நம் தாத்தாக்கள் அதற்குச் சந்தா கட்டவில்லை. பக்கத்தில் இருக்கிற கோர்ட்டில் தனக்கு இடமில்லை என்று தெரிந்த பெண்ணுக்கு, இன்றைய நிலையில், ஜிம்தான்.

அக்காவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டுக்குக் கூட்டி வரலாமா என்று போன வாரம் ஈ.பி. சாரிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் நோட்டைத் திறந்து, கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு, "பேட் கொண்டு வரச் சொல்லுங்க, கார்க் கணக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்.